கண்ணாடிக்கு நேரே திருப்பிய கதிரை

1994 நவம்பர். அந்த வருடத்தின் முதற்பனி கொட்டிய கிழமை. ஸ்காபரோவில் நாங்கள் சனிக்கிழமைகளில் மீன் வாங்கப் போகும் பிளாசாவின் பின்பக்கம், மேல்மாடியில் இருந்த ஒரு சின்ன அறையில் அது நடந்தது. தேதிகளை ஞாபகம் வைத்திருப்பது சின்ன வயதிலிருந்தே எனக்குள்ள பழக்கம். எந்த வருடம் எது நடந்தது என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பார்கள். ஆனால் இந்த நாளை நினைவில் வைக்க நான் ஒரு முயற்சியும் எடுக்கவில்லை. மறக்கத்தான் பார்த்தேன்.

அப்போது நான் ஒரு வீட்டின் பேஸ்மன்றில், அதாவது நிலக்கீழ்த் தளத்தில், வேறு சிலரோடு வாடகைக்கு இருந்தேன். எல்லோரும் தனியாக வந்து சேர்ந்த ஆண்கள். எங்களுள் மூத்தவரை எல்லோரும் அண்ணை என்றே கூப்பிடுவோம். அவர் பெயர் இங்கே வேண்டாம். இன்றைக்கும் இந்த நகரத்தில்தான் இருக்கிறார். ஊரில் பஸ் ஓட்டியவர். 1990இல் பக்கத்தில் ஷெல் விழுந்ததில் இடது காது முற்றாகப் போய்விட்டது. வலது காதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இங்கே அவருக்கு ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை. மெஷின்களின் இரைச்சலில் அங்கே ஒருவருக்குமே ஒன்றும் கேட்காது என்பதால், அவருடைய குறை அங்கே ஒரு குறையாகத் தெரியவில்லை.

வீட்டிலும் சமாளித்துக்கொண்டார். வாயைப் பார்த்தே பாதியைப் பிடித்துவிடுவார். மீதிக்கு "ஓம், ஓம்" என்று தலையாட்டுவார். எங்களோடு பகிடிக்காரன் ஒருவன் இருந்தான். "அண்ணையிட்ட ஒரு ரகசியம் சொல்லிப் பாருங்கோ. அண்ணையைத் தவிர முழு ஸ்காபரோவுக்கும் கேக்கும்" என்பான். அண்ணை அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உன்ர சமையலைப் பற்றி நான் வாய் திறக்கிறேல்லை எல்லே? நீயும் என்ர காதை விடு" என்று திருப்பிக் கொடுப்பார். எல்லோரும் சிரிப்போம்.

சிரிக்க முடியாத நேரம் ஒன்று இருந்தது. அது ஞாயிறு காலை.

அவருடைய மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தார்கள். அவர் புறப்பட்டபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். எங்களுடைய ஞாயிறு காலை அவர்களுக்கு மாலை. அந்த நேரம் பார்த்து லொட்ஜ் முகாமையாளரின் மேசைக்குப் பக்கத்தில் இருவரும் வந்து காத்திருப்பார்கள். அண்ணை ரெலிபோன் கார்ட்டைச் சுரண்டி எண்களை அழுத்துவார்.

எங்கள் ரெலிபோனில் சத்தத்தைக் கூட்டுகிற பொத்தான் ஒன்று இருந்தது. அதை உச்சத்துக்குக் கூட்டிவிடுவார். அறையின் மறுமூலையில் சட்டை அயர்ன் பண்ணுகிறவனுக்கும் அந்தப் பக்கத்துப் பேச்சு தெளிவாகக் கேட்கும். ரிசீவரை வலது காதோடு அழுத்திப் பிடித்திருக்கும் அவருக்கு மட்டும் வெறும் இரைச்சல்தான். அதனால் நான் பக்கத்தில் நிற்பேன். மனைவி சொல்வதை நான் வாயசைத்துச் சொல்ல, அவர் என் உதட்டைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார். அந்த அம்மாவுக்கு இது தெரிந்தது முதல் பேச்சே சுருங்கிப் போயிற்று. முன்பின் தெரியாத ஓர் ஆம்பிளை நடுவில் நிற்கும்போது புருஷனிடம் எதைச் சொல்வது? "சுகமா இருக்கிறம் எண்டு சொல்லுங்கோ. நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கோ." ஒவ்வொரு கிழமையும் அவ்வளவுதான். அவர்களுடைய குடும்ப வாழ்க்கை அந்த இரண்டு வசனங்களுக்குள் நடந்தது.

மகளுக்குக் கூச்சம் கிடையாது. ரிசீவரை வாங்கியதும் நேரே தகப்பனோடுதான் கதைப்பாள். நான் வாயசைக்கும் முன் அடுத்த வசனத்துக்குப் போய்விடுவாள். அதனால் அண்ணை மகளுக்கு மட்டும் எல்லாவற்றுக்கும் "ஓம் குஞ்சு, ஓம்" என்று சொல்லப் பழகியிருந்தார். அந்த வருடக் கோடையில் ஒரு ஞாயிறு அவள், "அப்பா, நான் பள்ளிக்கூடப் படியில விழுந்து கை முறிஞ்சு போச்சு. கட்டுப் போட்டிருக்கு. சரியா நோகுது" என்றாள்.

நான் கையைத் தூக்கித் தடுக்கும் முன்பே அண்ணை முகமெல்லாம் சிரிப்பாக, "ஓம் குஞ்சு, ஓம்! நல்லது, நல்லது. கெட்டிக்காரி!" என்றார்.

 பிறகு, ரிசீவரைத் தாயிடம் கொடுக்கும்போது அவள் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "அம்மா, நல்லதாம்."

பகிடிக்காரன் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அயர்ன் பண்ணினவன் ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்த்தான். நான் விஷயத்தைச் சொன்னபோது அண்ணை மறுபடி எண்களை அழுத்தினார். அதற்குள் லொட்ஜ் ரெலிபோனில் வேறு யாரோ கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று பின்னேரம் அவர் என்னிடம் வந்து, "தம்பி, உந்தக் காதுக்கு ஏதும் செய்யலாமோ எண்டு ஒருக்கால் விசாரிச்சுப் பாரும்" என்றார். அதுவரை ஒருநாளும் அவர் அப்படிக் கேட்டதில்லை.

விசாரிப்பது எனக்குப் பிடித்த வேலை. நூலகத்தில் இருந்த தடித்த மஞ்சள் நிற ரெலிபோன் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஓடியோலஜிஸ்ற் என்று போட்டிருந்தவர்களை, அதாவது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து சொல்பவர்களை, வேலை இடைவேளைகளில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். என் கேள்வி ஒன்றுதான்: அரசாங்க ஹெல்த் கார்ட்டை எடுப்பீர்களா? அண்ணையின் சம்பளம் கொழும்பு லொட்ஜுக்கே போய்க்கொண்டிருந்தது. அரசாங்கக் காப்பில் செய்தால்தான் உண்டு. ஷொப்பிங் மோல்களில் இருந்தவர்கள் இலவசமாகச் சோதிப்பதாகச் சொன்னார்கள். விசாரித்தால் அவர்கள் காதில் மாட்டுகிற மெஷின் விற்பவர்கள். சிலர் கார்ட் என்றதுமே ரெலிபோனை வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் காத்திருப்போர் வரிசை அடுத்த வருடத்துக்குள் போய்விட்டது. பிறம்ரனில் ஒருவர் எடுப்பதாகச் சொன்னார். பஸ் மாறி மாறி அங்கே போய்த் திரும்ப ஒரு நாள் சம்பளம் போய்விடும். விட்பியில் ஒருவர், அங்கே போகக் கார் வேண்டும்.

கடைசியில் கிடைத்த இடம் எங்கள் காலடியில் இருந்தது. காது, மூக்கு, தொண்டை டொக்டர் ஒருவரின் கந்தோரிலேயே ஓர் ஓடியோலஜிஸ்ற் இருந்தார். குடும்ப டொக்டரின் கடிதத்தோடு போனால் கார்ட்டிலேயே சோதிப்பார்கள். இடம், நாங்கள் கிழமைக்குக் கிழமை போய்வரும் அதே மீன்கடைப் பிளாசா. ஏதோ புதையலைத் தோண்டி எடுத்தவன் போல நான் வீட்டுக்கு ஓடிவந்து அண்ணையிடம் சொன்னேன். "முழுக்க அரசாங்கக் கார்ட்டிலயே செய்வினம் அண்ணை. ஒரு சதம் நீங்கள் குடுக்கத் தேவையில்லை." அவர் என் வாயைப் பார்த்தபடி, "அரசாங்கக் கார்ட்டிலயோ?" என்று கேட்டார். "ஓம், அரசாங்கமே குடுக்கும்" என்றேன். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் கவனித்திருக்கலாம்.

சோதனை நாளன்று அவர் கலியாண வீட்டுக்குப் போகிறவர் போல வெளிக்கிட்டு வந்தார். ஓடியோலஜிஸ்ற் ஒரு நடுவயதுப் பெண்மணி, அமைதியானவர். கண்ணாடி யன்னல் வைத்த ஒரு சின்னக் கூட்டுக்குள் அண்ணையை இருத்தி, காதுகளில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார். எவ்வளவு மெல்லிய சத்தம் கேட்டாலும் அழுத்த வேண்டும். நான் அதைத் தமிழில் சொன்னேன். உள்ளே இருந்த கதிரை கண்ணாடிக்குப் பக்கவாட்டாகப் போடப்பட்டிருந்தது. கதவைச் சாத்தப் போகும் நேரம் அண்ணை எழும்பி, கதிரையைத் திருப்பி, அந்தப் பெண்மணிக்கு நேரே முகம் தெரியும்படி இருந்துகொண்டார். எங்கள் ஆட்களுக்கு ஒரு டொக்டருக்கு முன்னால் பக்கம் காட்டி இருப்பது மரியாதைக் குறைவு. அந்தப் பெண்மணியும் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டு சிரித்தார்.

சோதனை தொடங்கியது. நான் வெளியே, அந்தப் பெண்மணியின் சோதனை மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தேன். அண்ணை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். எதையும் தவறவிடவில்லை. முதலில் எனக்குச் சந்தோஷம்தான். கொஞ்ச நேரத்தில் சந்தேகம் வந்தது. பக்கத்தில் நின்று பெயர் சொல்லிக் கத்தினாலும் திரும்பாத மனிதர், இந்தச் சத்தங்களை எப்படிக் கேட்கிறார்?

வழக்கமாக இதன் பிறகு சில சொற்களைச் சொல்லி, கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். அவை எல்லாம் ஆங்கிலச் சொற்கள். அண்ணைக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் அந்தப் பகுதியைப் பெண்மணி விட்டுவிட்டார். விடாமல் இருந்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

"இவருக்குச் சொல்லக்கூடிய பிரச்சினை எதுவும் இல்லை" என்றார் பெண்மணி. ரெலிபோனில் ஒன்றும் கேட்பதில்லை என்று நான் வாதாடினேன். எந்தச் சத்தம் எவ்வளவு கேட்டது என்று மெஷின் கீறித் தந்த படத்தை அவர் காட்டினார். மனக்கவலை இருந்தாலும் இப்படி நடப்பதுண்டு, குடும்ப டொக்டரிடம் கதையுங்கள் என்று பரிவோடுதான் சொன்னார். அவரைப் பிழை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

கீழே இறங்கி வந்தோம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. மீன்கடை வாசலில் நின்று அவர் தோளைப் பிடித்துத் திருப்பி, "அண்ணை, என்ன செய்தனீங்கள் உள்ளுக்கை?" என்று கேட்டேன்.

அவருடைய முகத்தில் வெற்றிக் களை. "பாஸ் பண்ணிட்டன் எல்லே?" என்றார்.

"என்னத்தைப் பாஸ் பண்ணினீங்கள்?"

"தம்பி, நான் பஸ் ஓட்டினவன். பின்னுக்கு நிக்கிற கொண்டக்டர் பெல் அடிக்க முதல் அவன்ர கை அசையிறதைக் கண்ணாடியில பாத்தே பிரேக்கில கால் வைப்பன். உந்த மனிசி ஒவ்வொருக்காலும் அழுத்தேக்கை வலப்பக்கத் தோள் ஒருக்கால் இறங்குது. தோள் இறங்க நானும் அழுத்தினன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏன் அண்ணை? ஏன்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு, பிளாசா முழுவதும் கேட்கும்படி சொன்னார். "என்ர லாண்டட் பேப்பர் இன்னும் வரேல்லை. எங்கட தொழிற்சாலையில ஒருத்தனுக்கு எக்ஸ்ரேயில ஏதோ நிழல் தெரியுது எண்டு எவ்வளவு காலமா இழுத்தடிக்கிறாங்கள் தெரியுமோ? நீர்தானே சொன்னீர், அரசாங்கக் கார்ட்டில செய்யிற ரெஸ்ற் எண்டு. காசு குடுக்கிறவன் என்ன வந்தது எண்டு பாக்கமாட்டானோ? செவிடனை இந்த நாட்டில வைச்சிருந்து என்ன செய்யிறது எண்டு கேட்டா? அவளையும் பிள்ளையையும் நான் எப்பிடிக் கூப்பிடுறது?"

லாண்டட் பேப்பர் என்றால் நிரந்தரமாகத் தங்கும் உரிமை, அது வந்தால்தான் குடும்பத்தைக் கூப்பிடலாம். குடிவரவுக் கந்தோருக்காக அவர் முன்பு செய்த மருத்துவப் பரிசோதனையும் இப்படித்தான் ஒரு பிளாசாவின் மேல்மாடியில், இப்படித்தான் ஒரு வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் நடந்திருந்தது. ஒரு மேசை, அதற்குப் பின்னால் கேள்வி கேட்கிற ஒருவர் என்றால், அவருக்கு அது தேறவேண்டிய சோதனைதான். மோல் கடையில் கைக்காசு கொடுத்திருந்தால் அவர் பயப்பட்டிருக்க மாட்டார். கார்ட்டை எடுக்கும் இடமாக நான் தேடித் தேடிப் பிடித்தேனே, அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

அது வேறு கந்தோர், இது வேறு, இந்தப் படம் அங்கே போகாது என்று பனிக்குள் நின்று விளக்கினேன். என் வாயைப் பார்த்தார். பாதி நம்பினார் என்று நினைக்கிறேன். ஆனால் திரும்பவும் மேலே ஏறிப்போய் உண்மையைச் சொல்வோம் என்றபோது கையை உதறிவிட்டார். "பேப்பர் வரட்டும். பேப்பர் வந்தா ஆக்களே வருவினம். பிறகு ரெலிபோன் என்னத்துக்கு?" அந்தக் கணக்கில் பிழை கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. இரண்டு மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

பேப்பர் வரவில்லை. 1995 கடைசியில் யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் வீடுவாசலை விட்டு வெளிக்கிட்டபோது, அவருடைய சகோதரிகளின் குடும்பங்களும் அதற்குள் இருந்தன. அந்த ஞாயிறுகளில் அவருடைய மனைவி ரெலிபோனில் அழுவது அறை முழுவதும் கேட்கும். அண்ணை ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, எங்கள் முகங்களைத்தான் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று எங்கள் கண்களில் தேடுவார். பகிடிக்காரன் அந்த நேரம் குசினிக்குள் போய்விடுவான்.

மகளுடைய கை எப்போதோ சுகமாகிவிட்டது. ஆனால் அவள் கொஞ்சம் கொஞ்சமாக ரெலிபோனுக்கு வருவதை நிறுத்தினாள். முதலில் படிக்கிறாள் என்றார்கள், பிறகு விளையாடுகிறாள் என்றார்கள். பிறகு ஒரு காரணமும் சொல்லவில்லை, அண்ணையும் கேட்கவில்லை.

லாண்டட் பேப்பர் 1997 வசந்தத்தில் வந்தது. அதைக் கையில் வாங்கிய கிழமையே, "வாரும், உந்த மனிசியிட்டப் போவம்" என்றார். புதிதாகக் கடிதம் எடுத்துக்கொண்டு அதே படிகளில் ஏறினோம். அதே பெண்மணி. கூட்டுக்குள் போனதும் அண்ணை கதிரையைத் தூக்கி, கண்ணாடிக்கு முற்றாக முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு இருந்தார். இந்தத் தடவை பொத்தான் அபூர்வமாகத்தான் அழுந்தியது. இடது காதுக்கு அழுந்தவே இல்லை.

பெண்மணி பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வெகுநேரம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அன்றைக்கு அந்தக் கதிரையை நான் திரும்ப வைத்திருக்க வேண்டும்" என்றார்.  மெஷினுக்கு அரசாங்கம் ஒரு பங்கு தரும்படி அவரே எல்லாம் எழுதித் தந்தார். மிச்சத்தை நாங்கள் பேஸ்மன்றில் பங்குபோட்டோம்.

வலது காதில் மெஷின் மாட்டிய பிறகு வந்த முதல் ஞாயிறு எங்கள் வீட்டில் பெருநாள் மாதிரி இருந்தது. அண்ணை முதல் தடவையாக ரெலிபோனின் சத்தத்தைக் குறைத்தார். எண்களை அழுத்தினார். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அந்தப் பக்கம் என்ன பேசினார்கள் என்று முதல் தடவையாக எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை. அவர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.  பிறகு மனைவியோடு மெதுவாக ஏதோ கதைத்தார். அந்த அளவுக்கு மெதுவாக அவர் கதைத்து நாங்கள் கேட்டதேயில்லை.

ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "கேட்டுது தம்பி. வடிவாக் கேட்டுது" என்றார்.

பகிடிக்காரன் துள்ளிக் குதித்தான். "ஐயோ, இனி உவரைப் பற்றி ஒண்டும் கதைக்கேலாதே!" என்று கத்தினான். தேத்தண்ணி போட்டோம். அண்ணையும் எங்களோடு சிரித்தார்.

அடுத்த நாள் வேலைக்குப் போகும் வழியில், பஸ் தரிப்பில் நிற்கும்போது, நான் கேட்காமலே சொன்னார். ரெலிபோனை எடுத்ததும் மனைவி மகளைக் கூப்பிட்டிருக்கிறார், அப்பா எடுத்திருக்கிறார் வா என்று. ரிசீவரிலிருந்து தள்ளி நின்ற பிள்ளையின் குரல்தான் அவருக்கு முதலில் தெளிவாகக் கேட்டதாம்.

"அவருக்குக் கேக்காதம்மா. நீங்களே சொல்லிவிடுங்கோ எண்டாள்."

பஸ் வந்தது. ஏறினோம். அவர் யன்னல் பக்கம் இருந்தார். நான் அவருடைய இடது பக்கத்தில். என்ன சொல்லியிருந்தாலும் அந்தப் பக்கத்தால் அவருக்குக் கேட்டிருக்காது. 

அடுத்த வருடம் கோடையில் இருவரும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்திலிருந்து என்னுடைய பழைய காரில்தான் கூட்டி வந்தேன். அண்ணை எனக்குப் பக்கத்தில் முன்சீற்றில் இருந்தார். பின்சீற்றிலிருந்து மகள், வளர்ந்து நெடுத்துப் போனவள், "அம்மா, இன்னும் எவ்வளவு தூரமெண்டு அவரிட்டக் கேளுங்கோ" என்றாள். தாய் கேட்கும் முன்பே அண்ணை திரும்பி, "இந்தா, கிட்ட வந்திட்டம் குஞ்சு" என்றார். அவள் திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். கண்ணாடியில் எனக்கு அந்த முகம் தெரிந்தது. பிறகு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

நான் பின்னர் யூனியன்வில்லுக்கு மாறிப் போனேன். அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன்: நல்ல பிள்ளை, படித்தாள், தகப்பனைக் கவனமாகப் பார்க்கிறாள். ஆனால் அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தாயிடம்தான் சொல்வாள். அவர் அதே மேசையில்தான் இருப்பார், காதில் மெஷினும் இருக்கும். தாய் திருப்பிச் சொல்லும்வரை அவரும் கேட்காதவர் போலவே இருப்பார். அவளைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைக்கிறாரோ என்னவோ.

அதன் பிறகு எத்தனையோ பேரை மொழிபெயர்ப்புக்காக டொக்டர்மாரிடம் கூட்டிப் போயிருக்கிறேன். கதவுக்கு வெளியே நிறுத்தி, இங்கே பாஸும் இல்லை, பெயிலும் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் சொல்லித்தான் உள்ளே விடுகிறேன். உள்ளே போனதும், அந்தக் கதிரை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைத்தான் இன்றைக்கும் என் கண் முதலில் தேடுகிறது.